வாங்கிய பொருளை வெளியே எடுங்கள்: ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



முப்பது முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அவர்களுடைய கல்யாணங்களையும் நடத்தி முடித்து, பணிக்கொடையும் சேமநிதியும் கைக்கு வந்த பிறகு, இனியாவது நமக்கென்று ஏதேனும் வாங்கிக்கொள்வோம் என்று துணிந்து, வெகு காலமாக மனத்திலிருந்த சில வஸ்துக்களை வாங்கி வீட்டில் சேர்த்திருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நானும் உங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தவன்தான். நீங்கள் வாங்கியதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் வாங்கியதை அட்டைப்பெட்டியோடு பரணில் ஏற்றியும், கண்ணாடி அலமாரியில் நிறுத்தியும், ஷெட்டுக்குள் உறை போர்த்தியும், பீரோவில் வேஷ்டிகளுக்குப் பின்னால் ஒளித்தும் வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் உங்களிடம் மனம் விட்டுப் பேச விரும்புகிறேன்.

உங்களில் பலருடைய வீடுகளுக்கு நான் வந்திருக்கிறேன். வந்த இடத்திலெல்லாம் அன்போடு உபசரித்து, புதிதாக வாங்கியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, விலையைச் சொல்லி, கிடைத்த தள்ளுபடியையும் சொல்லி மகிழ்ந்திருக்கிறீர்கள். கூடத்துச் சோபாவின் மேல் கடைக்காரர் சுற்றி அனுப்பிய பாலிதீன் தாள் கோடைகள் பல கண்ட பிறகும் அப்படியே இருப்பதால், அதில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசுவதற்குள் முதுகு நனைந்துவிடுகிறது. அலமாரியில் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் வரிசையாக நின்றுகொண்டிருக்க, விருந்தாளிக்கும் வீட்டாருக்கும் சிற்றுண்டி வருவது பழைய எவர்சில்வர் தட்டுகளில்தான். ஏன் இப்படி என்று கேட்டால், நல்ல நாள் ஒன்று வரட்டும் என்கிறீர்கள். பொங்கல் வந்தது, தீபாவளி வந்தது, பேரன் பிறந்தான், பேத்திக்குக் காது குத்தினீர்கள். அந்தத் தட்டுகள் மட்டும் இறங்கவில்லை.

இந்தப் பழக்கத்தை உலோபம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அந்த அபிப்பிராயத்தை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் பிறந்து வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சர்க்கரையும் மண்ணெண்ணெயும் குடும்ப அட்டைக்கு அளந்து கிடைத்த காலம் அது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஏழெட்டு வருஷம் காத்திருந்த அப்பாக்களின் பிள்ளைகள் நாம். டெலிபோனுக்கும் எரிவாயு அடுப்புக்கும் மனு எழுதிக் கொடுத்துவிட்டு, நம் முறை எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டே இளமையைக் கழித்தவர்கள் நாம். அப்படிக் காத்திருந்து பெற்ற ஒரு பொருள் கெட்டுப்போனால் இன்னொன்று கிடைக்க எத்தனை காலம் ஆகுமோ என்ற அச்சம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்தது. அந்த அச்சம் நியாயமானதே. 1991-ஆம் வருஷத்துக்குப் பிறகு கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, கடைவீதி நிறைந்தது. ஆனால் நம் கைகளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அவை இன்றும் புதுப் பொருளைத் தொட்டவுடன் துணியால் சுற்றத் தொடங்கிவிடுகின்றன.

பொன்னையும் நிலப்பத்திரத்தையும் பூட்டி வைப்பதில் பிழையில்லை. பெட்டிக்குள் எத்தனை காலம் கிடந்தாலும் பொன் பொன்னாகவே இருக்கும். நீங்கள் வாங்கியிருப்பவை அந்த ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை புழக்கத்தால் வளர்வன, புழங்காவிட்டால் கெடுவன. முதலில் அடுக்களையிலிருந்தே தொடங்குகிறேன். ஏனெனில் இந்த உண்மையை அடுக்களை அறிந்த அளவுக்கு வேறெந்த அறையும் அறியாது.

நகரத்து அங்காடியிலே ஆசையாக வாங்கிய இரும்புத் தோசைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்று அது வெறும் இரும்பு. முதல் தோசை அதில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். எண்ணெய் தடவிச் சூடேற்றச் சூடேற்ற, அந்த எண்ணெய் இறுகி, கருத்த மெல்லிய படலமாக இரும்போடு கலந்துவிடுகிறது. அந்தப் படலம் ஏறிய கல்லில் மாவு ஒட்டுவதில்லை. அதைக் கடையில் வாங்க முடியாது. வீட்டில் நாள்தோறும் வார்க்கும் தோசையே அதை உண்டாக்க வேண்டும். அதே கல்லைக் காகிதத்தில் சுற்றிப் பரணில் வைத்தால் மழைக்காலம் இரண்டு போவதற்குள் துரு ஏறி, மறுபடியும் தேய்த்து முதலிலிருந்து பழக்க வேண்டியதாகிவிடும்.

மாக்கல் சட்டியும் அப்படியே. புதுச் சட்டியை நேராக அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும் என்பதால், விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசிக் காயவைத்து, சுடச்சுட வடித்த கஞ்சியை ஊற்றி ஆறவிட்டு, இப்படிப் பல நாள் செய்து, பிறகே சிறு தீயில் வைத்துப் பழக்குவது நம் பெண்களின் சம்பிரதாயம். பழகிய சட்டியில் வற்றல் குழம்பு வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பின்னும் நெடுநேரம் அது தானே கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டிலே சுண்டும் குழம்பின் ருசி வேறெந்தப் பாத்திரத்திலும் வருவதில்லை என்பது என் துணிபு.

ஈயச்சொம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களில் பலர் அதை வாங்கியிருக்கிறீர்கள், அநேகமாக ஒருவரும் அடுப்பில் வைத்ததில்லை. அது உருகிவிடும் என்ற பயமே காரணம். பயத்துக்கு ஆதாரம் உண்டு. வெள்ளீயம் 232 டிகிரி சூட்டில் உருகும். வெறுஞ்சொம்பை எரியும் அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அடி ஒழுகிப் போயிருக்கும். ஆனால் உள்ளே நீர் இருக்கும் வரையில் பாத்திரத்தின் சூடு நீர் கொதிக்கும் அளவை விட்டு அதிகம் மேலே போகாது. ஆகையால் புளிக்கரைசலை முதலில் ஊற்றி, பிறகு அடுப்பை மூட்டி, தீயைச் சொம்பின் பக்கங்களில் ஏறவிடாமல் சிறிதாக வைத்து, நுரை கட்டிக்கொண்டு எழும்பும் சமயத்தில் இறக்கிவிட்டால் ஒரு தீங்கும் வராது. வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை வேண்டும்: காரீயம் கலந்தது உடம்புக்கு நஞ்சு; சுத்தமான வெள்ளீயம்தானா என்று நம்பிக்கையுள்ள கடையில் கேட்டு வாங்க வேண்டும். இவ்வளவு விசாரித்து வாங்கிய சொம்பில் ஒரு நாளேனும் ரசம் கொதித்து அந்த வாசனை வீட்டை நிறைக்காமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

சிலர் வீட்டைப் புதுப்பித்து, காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியிலிருந்து பூக்கற்கள் தருவித்துக் கூடத்தில் பதித்திருக்கிறீர்கள். சூளையில் சுடாமல், கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து இறுக்கி, நீரில் ஊறவைத்துச் செய்யும் கல் அது; அதன் மெருகு கால்பட்டு ஏறும் மெருகு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் தலைமுறைகள் நடந்த முற்றத்தோரங்கள் முகம் தெரியப் பளபளப்பதைப் பார்த்துவிட்டுத்தானே ஆசைப்பட்டீர்கள்? அப்படியிருக்க, அதன் மேல் கம்பளத்தை விரித்து, குழந்தைகளை ஓடாதே என்று அதட்டுவதில் என்ன பிரயோஜனம்?

நம்முடைய பழைய இலக்கியத்தில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு, தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசி, காவலோடு வைக்கப்பட்டிருந்த அந்த ஆயுதங்களைக் கண்ட ஔவையார், அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தியதால் நுனி முறிந்து கொல்லனுடைய உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்று சொன்னதாகப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு நமக்குத் தெரிவிக்கிறது. புகழ்வது போல அமைந்த அந்தப் பேச்சில், எந்த அரசனுடைய வேல் வேலாக இருந்தது என்பது கேட்டவர்க்கெல்லாம் விளங்கியிருக்கும். உங்கள் கண்ணாடி அலமாரிகளின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டிலின் நினைவு வருகிறது.

இனி ஷெட்டுக்கு வருவோம். உங்களில் எத்தனையோ பேர் வாலிபத்தில் ஆசைப்பட்டு, குடும்பச் செலவு கருதி அடக்கிக்கொண்ட ஆசை ஒன்று உண்டென்றால் அது புல்லட் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் நம் ஊர் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி 1955-ஆம் வருஷத்தில் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை அமைத்தது முதலாக, அந்த வண்டியின் ஓசை தமிழ்நாட்டுச் சாலைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறது. போலீஸ் அதிகாரிகளும் பண்ணையார்களும் அதில் வரும்போது தெருவோரத்தில் நின்று பார்த்த சிறுவர்கள் நாம். வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் இருந்த அந்த வண்டியை உதைத்துக் கிளப்புவதே ஒரு வித்தை: கைப்பிடியருகே இருக்கும் டீகம்ப்ரஸர் நெம்புகோலை அழுத்திக்கொண்டு, ஆம்மீட்டர் முள் நடுவே வந்து நிற்கிறதா என்று பார்த்து, உரிய கணத்தில் நெம்புகோலை விட்டு உதைக்க வேண்டும்; தவறினால் உதைகட்டை திருப்பி அடித்துவிடும்.

இன்று நீங்கள் வாங்கியிருக்கும் 349 சி.சி. புல்லட்டில் உதைகட்டையே இல்லை. பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடுகிறது. சௌகரியம்தான். ஆயினும் இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்: பாட்டரி இறந்துவிட்டால் இந்த வண்டியை உதைத்து உயிர்ப்பிக்க வழியில்லை. ஓடாமல் நிற்கும் வண்டியின் பாட்டரி தானாகவே சிறிது சிறிதாக வடிந்து, ஈயத் தகடுகளின் மேல் உப்புப் படிந்து இறுகி, பிறகு மின்னேற்றினாலும் பழைய வலுவைப் பெறாமல் போகிறது. எண்ணெய் எஞ்சினின் மேற்பாகங்களிலிருந்து கீழே இறங்கிவிடுகிறது. இப்போது நமக்குக் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஒரே நிலையில் நின்றால் டயர் தரையில் பதிந்த இடத்தில் தட்டையாகிவிடும். எலிகள் வயர்களைக் கடிப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை ஷெட்டுக்குள்ளேயே இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறேன் என்று சிலர் சொல்லுகிறீர்கள். அந்த இரண்டு நிமிஷத்தில், கிளப்புவதற்குச் செலவான மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புவதுமில்லை, சைலன்ஸருக்குள் கோத்த நீர் ஆவியாகி வெளியேறுவதுமில்லை.

ஆகவே அதை வெளியே எடுங்கள். சென்னைக்காரர்கள் விடியற்காலையில் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் வரை போய், அங்கே இட்டலி தின்றுவிட்டு வெயில் ஏறுவதற்கு முன் திரும்பலாம். மதுரைக்காரருக்கு அழகர்கோயில் இருக்கிறது, நெல்லைக்காரருக்குப் பாபநாசம், கோவைக்காரருக்கு ஆனைகட்டிச் சாலை. தலைக்கவசம் அணிந்து, இளைஞர்களோடு போட்டியிடாமல், நிதானமாகப் போய் வாருங்கள். அந்த வண்டியின் அழகே நிதானத்தில்தான் இருக்கிறது. வண்டியின் மேல் முதல் கீறல் விழுந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள்; விழட்டும். எந்த ஊர்ச் சாலையில் விழுந்தது என்று பேரனுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு கதை இருக்கும்.

ஷெட்டின் மூலையில் தச்சு ஆயுதங்களும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். உளி, இழைப்புளி, துளைபோடும் மின்கருவி எல்லாம் பெட்டியோடு இருக்கின்றன. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விடாது என்பதை மாத்திரம் நினைவூட்டி மேலே செல்கிறேன்.

கடைசியாக, பீரோவில் வேஷ்டிகளுக்குப் பின்னால் இருக்கும் பாட்டிலைப் பற்றி. இதைப் பேசுவதில் சிலருக்குச் சங்கோசம் இருக்கும். அது எனக்குத் தெரியும். 1937-இல் ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948-இல் ராஜதானி முழுவதற்கும் விரிந்து, 1971 வரை நீடித்த மதுவிலக்கின் நிழலில் வளர்ந்த தகப்பன்மார்களின் பிள்ளைகள் நாம். குடியால் நாசமான குடும்பங்களை நம் தெருவிலேயே கண்டவர்கள். ஆதலால் குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லி ஒரு வார்த்தையும் நான் எழுதமாட்டேன். வைத்தியர் விலக்கியவர்களும், ஒரு கிண்ணத்தோடு நிறுத்த முடியாது என்று தம்மை அறிந்தவர்களும் அந்தப் பாட்டிலை இன்றைக்கே வேண்டியவர் யாருக்கேனும் கொடுத்துவிட வேண்டும். நான் சொல்ல வருவது, அளவறிந்து எப்போதாவது அருந்துகிறவர்களுக்கு. மகனோ மருமகனோ அயல்நாட்டிலிருந்து வரும்போது, சுங்கம் இல்லாமல் அனுமதிக்கப்படும் இரண்டு லிட்டருக்குள் அன்போடு வாங்கி வந்த நல்ல விஸ்கியை, இன்னும் பத்து வருஷம் போனால் இதன் தரம் கூடும் என்று நம்பிப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு.

அந்த நம்பிக்கை ஆதாரமற்றது. விஸ்கி முதிர்வது மரப்பீப்பாயில். கண்ணாடிப் பாட்டிலுக்குள் அடைத்த கணத்தோடு அதன் முதிர்ச்சி நின்றுபோகிறது. பன்னிரண்டு வருஷ விஸ்கி உங்கள் பீரோவில் இருபது வருஷம் இருந்தாலும் பன்னிரண்டு வருஷ விஸ்கிதான். பீப்பாயின் விஷயமோ மிகவும் சுவாரசியமானது. ஸ்காட்லாந்தின் குளிரில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகி மறைகிறது. அதை அங்கே தேவதைகளின் பங்கு என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் பெங்களூரிலே அந்தப் பங்கு 10 சதவீதத்தையும் தாண்டிவிடுகிறது. இழப்பு அதிகம், அதற்கு ஈடாக மரத்தின் சாரம் விரைவில் இறங்கி, சில வருஷங்களிலேயே விஸ்கி கனிந்துவிடுகிறது. 1948-இல் தொடங்கப்பட்ட பெங்களூர் அம்ருத் நிறுவனத்தார் தங்கள் சிங்கிள் மால்ட்டை 2004-இல் முதன்முதலாக விற்பனைக்கு வைத்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். விஸ்கியின் தாயகத்திலேயே கொண்டுபோய் வைத்த அந்தத் தைரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பாட்டிலை நிமிர்த்தி வைக்க வேண்டும், படுக்க வைத்தால் சாராயத்தின் வீரியம் தக்கையை அரித்துவிடும். வெயில் படாத இடம் வேண்டும். மூடியைத் திறந்து பாதிக்கு மேல் குறைந்த பிறகு உள்ளே புகுந்த காற்று வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கச் செய்யும் என்பதால், திறந்ததை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. அருந்தும்போது சில துளி தண்ணீர் சேர்ப்பதில் குறைவு ஒன்றுமில்லை. தண்ணீர் கலக்கும்போது வாசனை தரும் மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு வந்து சேருகின்றன என்று ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் இருவர் 2017-இல் கணக்கிட்டு விளக்கியிருக்கிறார்கள். மனைவி அறியாமல் ஒளித்து வைத்துப் பதற்றத்தோடு விழுங்குவதில் என்ன இன்பம் இருக்க முடியும்? அவரிடம் சொல்லி, பால்ய சிநேகிதர் ஒருவரை மாலையில் அழைத்து, வறுத்த வேர்க்கடலையோடு உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தை ஒரு மணி நேரம் நீட்டிப் பேசிக்கொண்டிருங்கள். அன்றைக்குப் புல்லட்டின் சாவி உள்ளேயே இருக்கட்டும். பகிர்ந்து அருந்துவதன் அருமை நம் பழைய இலக்கியத்திலும் உண்டு: அதியமான் இறந்தபோது அதே ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, அவனுடைய வீரத்தை எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் அதை ஔவையாருக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் அவர் உண்டு பாட, எஞ்சியதை அவன் மகிழ்ந்து உண்பான் என்ற நினைவில்தான் தொடங்குகிறது.

உங்கள் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். கண் திருஷ்டி படும் என்பீர்கள். பரணில் இருப்பதற்கு மட்டும் படாதா? பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்பீர்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிகளில் தமக்கு வேண்டியதை வாங்கி நிரப்பிக்கொண்டுவிட்டார்கள். பிரிக்காத பெட்டியை அவர்கள் என்ன செய்வார்கள்? அம்மா கையால் பழகிய மாக்கல் சட்டியானால் பெட்டியில் துணி சுற்றி எடுத்துப் போவார்கள்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை அதிகம் உறுத்துவது வேறொன்று. பொருளைப் பெட்டியில் காப்பாற்றலாம். அதை அனுபவிக்கும் உடம்பை எந்தப் பெட்டியில் காப்பாற்றுவது? 195 கிலோ எடையுள்ள அந்த வண்டியை ஸ்டாண்டில் ஏற்றும் பலம் அறுபத்திரண்டில் இருப்பது எழுபத்தைந்தில் இருக்காது. வயது ஏற ஏற மூக்கு வாசனைகளைப் பிரித்தறியும் திறனை இழக்கிறது. ரசத்தின் மணமும் விஸ்கியின் மணமும் அப்போது ஒன்றுபோல மங்கிவிடும். துணையோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வாங்கிய பீங்கான் தட்டுகளை, துணை போன பிறகு வந்த உறவினர்களுக்காக முதன்முதலாக இறக்கிய வீடு ஒன்றை நான் அறிவேன். அந்த வீட்டுக்காரருக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தத் தட்டுகள்தான்.

நடைமுறையில் ஒரு விஷயம் பாக்கி. அலமாரியில் இருக்கும் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் கடைக்காரர் கொடுத்த உத்தரவாதம் நீங்கள் பிரித்த தேதியிலிருந்து ஓடுவதில்லை, வாங்கிய தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு பழுது இருந்தால் அது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஆகையால் இந்த வாரத்திலேயே பெட்டிகளைப் பிரித்து, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கிரைண்டரில் முதலில் கொஞ்சம் பழைய அரிசியை ஆட்டிக் கொட்டிவிடுங்கள், கல்தூள் போய்விடும். சோபாவின் பாலிதீனைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை தொலைபேசியில் அழைத்து, நான் வாங்கி அனுப்பியதைப் பிரித்தீர்களா அப்பா என்று கேட்கும்போது, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்ற பழைய பதிலைச் சொல்லாமல், அது எப்படி இருக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

முதலில் எதை எடுத்தீர்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதினால் மிகவும் சந்தோஷப்படுவேன். ஈயச்சொம்பில் ரசம் வைக்கப்போகிறவர்கள் என்றைக்கு என்று முன்கூட்டியே எழுதினால், நானே வந்துவிடுகிறேன்.

இங்ஙனம்,
உங்களோடு ஓய்வு பெற்ற அன்பன்